உத்தியோக மனுவில் ஜாதிக் கட்டம்

மன்னார்குடிப் பக்கத்து வாலிபர் ஒருவர் சென்ற வாரம் ஒரு சர்க்கார் உத்தியோக மனுவுடன் நம்மிடம் வந்தார். பெயர், வயது, படிப்பு எல்லாம் எழுதியிருந்தார். ஜாதி என்கின்ற கட்டத்தை மாத்திரம் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டோம். “ஜாதி ஒழிய வேண்டுமென்று மேடையில் கை தட்டிவிட்டு, அதை என் கையாலேயே எழுதுவதா?” என்றார். இதையே பரிகாசமாய்க் கேட்கின்றவர்களும் உண்டு. ஆதலால் பதில் சொல்லியாக வேண்டும்.

தண்ணீர் குறைந்த வருஷத்தில் நமது ஜில்லாவில் முறை வைத்துப் பாய்ச்சுகின்றார்கள். அப்போது “உன் நிலம் தலைமடையா, கடைமடையா?” என்று கேட்பது கடைமடைக்காரனை இழிவு செய்யவா? கேட்காமல் விட்டால் மதகடியில் இருப்பவன் வயலோடு தண்ணீர் நின்றுவிடும். தலைஞாயிற்றிலும் வேதாரணியத்திலும் பயிர் காயும். ஜாதிக் கட்டமும் அப்படிப்பட்ட ஒரு கேள்வியேயாகும்.

முத்தையா முதலியார் மந்திரியாயிருந்த காலத்து வகுப்புவாரி உத்தரவில், 12 ஸ்தானங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர், ஆங்கிலோ இந்தியருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 1 என்று பங்கு ஏற்பட்டது. 1947-ல் அது 14 ஸ்தானமாகிப் பிற்பட்டோருக்கென்று தனியே 2 கிடைத்தது. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டு அது செல்லாதென்றது. கிளர்ச்சி எழுந்து, அந்த வருஷமே அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. இன்று தமிழ்நாட்டில் 100-க்கு 69 ஸ்தானம் ஒதுக்கீட்டில் இருக்கின்றது. கட்டத்தைக் காலியாக விட்டால் அந்தப் பங்கு உமக்கு இல்லை. ஜாதியும் அதனால் ஒழிந்துவிடாது.

அப்படியானால் 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடச் சொன்னது ஏன் என்பீர்கள். பட்டம் பெருமைக்குப் போட்டுக் கொள்வது. கட்டம் பங்குக்கு எழுதுவது. இரண்டும் ஒன்றாகுமா?

நிற்க. வேறொரு கேள்வியும் இருக்கின்றது. நமது இருபதாவது வயதில் ஒரு கடைக்கு வேலை கேட்டுப் போனோம். கணக்குப் போடத் தெரியுமா என்று கேட்கவில்லை, “ஊரில் எந்தத் தெரு?” என்றுதான் கேட்டார்கள். சொன்னோம். “பிறகு சொல்லி அனுப்புகின்றோம்” என்றார்கள். இன்று வரை சொல்லி அனுப்பவில்லை! ஜாதி, மதம், பிறந்த இடம் பார்த்துத் தள்ளக்கூடாதென்று அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு சொல்லுவதும் சர்க்கார் உத்தியோகத்திற்குத்தான். கடைக்காரரை அது கட்டாது. ஆகவே, பங்கு கொடுக்கக் கேட்கின்றவனுக்கு நிமிர்ந்து பதில் எழுதுங்கள். கதவைச் சாத்தக் கேட்கின்றவனை, “வேலைக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம்?” என்று திருப்பிக் கேளுங்கள்.

அந்த வாலிபர் தகப்பனார் தொழிலை ‘விவசாயம்’ என்று எழுதியிருந்தார். ஒரு குழி நிலமும் கிடையாது. ‘விவசாயக் கூலி’ என்று திருத்தச் சொன்னோம். நாற்று நட்டுப் பிள்ளையைப் படிக்க வைத்ததில் என்ன வெட்கம்?

எல்லாம் எழுதி முடித்தபின், “இப்போது ராகு காலம், நாளைக்கு அனுப்பச் சொல்லுகிறாள் அம்மா” என்றார். கெடு அன்று மாலையோடு முடிகின்றது! ராகு போகட்டுமென்று எந்த ஆபீசும் காத்திருக்காது தோழரே என்று சொல்லி, அப்போதே அனுப்பி வைத்தோம்.