வேலி தாண்டும் அலை

அந்தி சாய்ந்ததும் படலையைச் சாத்துகிறோம், கதவைத் தாழிடுகிறோம், யன்னலையும் ஒருமுறை பார்த்துவிட்டே உறங்கச் செல்கிறோம். ஆனால், மேசைமீது விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருக்கும் ரவுட்டரைப் பூட்டினோமா என எண்ணுவார் எத்தனை பேர்? இவ்வாரம் அதுபற்றியே சில கூற விரும்புகிறோம்.

வைபை என்பது வானொலி அலையேயாம். அதற்குச் சுவர் முழுத்தடையன்று, வேலி எல்லையுமன்று. அலையை வீட்டுக்குள் அடைத்துவைத்தல் அரிது. அதிற் செல்லும் செய்தியைப் பிறர் அறியாவண்ணம் மறைத்தலே வழி. முன்னர் வழங்கிய ‘வெப்’ என்னும் மறைப்பு முறையின் பலவீனத்தை ஆராய்ச்சியாளர் 2001இல் வெளிப்படுத்தினர். 2004இல் வந்த ‘டபிள்யூபிஏ2’, 2018இல் வந்த ‘டபிள்யூபிஏ3’ ஆகியவற்றுள் ஒன்றையே இன்று கொள்ளல் வேண்டும்.

பூட்டு நல்லதாயினும் திறவுகோல் எளிதாயின் பயன் யாது? டபிள்யூபிஏ2 முறையில், நமது கைத்தொலைபேசி ரவுட்டருடன் இணையும்போது பரிமாறப்படும் குறிகளை ஒருவன் பிடித்துக்கொள்வானாயின், பின்னர்த் தன் இல்லத்திலிருந்தே கணினிகொண்டு கடவுச்சொல்லை ஓயாது ஊகிக்கலாம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் அம்முயற்சிக்கு நெடுநேரம் தாங்கா. ஒன்றோடொன்று தொடர்பற்ற ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பின் நமக்கு நினைவில் நிற்கும். அவனுக்கு எளிதில் அகப்படாது.

‘டபிள்யூபிஎஸ்’ என்னும் வசதிக்குரிய எட்டிலக்க எண் வலிய காவலெனத் தோன்றும். எனினும், ரவுட்டர் அவ்வெண்ணை இரு பாதிகளாகச் சரிபார்ப்பதால், ஏறத்தாழ 11,000 முயற்சிகளே போதும் என்பது 2011இல் புலனாயிற்று. அவ்வசதியை நிறுத்திவிடுதலே நன்று.

ரவுட்டரின் அமைப்புகளைத் திறக்கும் கடவுச்சொல் வேறொன்று. தொழிற்சாலையில் இட்டதையே பலர் மாற்றாது விடுகின்றனர். 2016இல் ‘மிராய்’ என்னும் தீநிரல் இலட்சக்கணக்கான கருவிகளை வசப்படுத்தியது இத்தகைய கடவுச்சொற்களைக் கொண்டேயாம்.

அயல்வீட்டுப் பிள்ளை பாடத்துக்கென இணைப்புக் கேட்டால் மறுப்பது பண்பா என வினவலாம். மறுக்க வேண்டியதில்லை. பல ரவுட்டர்களில் விருந்தினருக்கெனத் தனி இணைப்பு உண்டு. அது, வந்தவரை விறாந்தையில் இருத்தி உபசரிப்பதை ஒக்கும். உள்ளறைகள் நம்முடையனவாகவே இருக்கும். ஆயினும் அதற்கும் கடவுச்சொல் இட்டு, நன்கு அறிந்தவருக்கே அளித்தல் வேண்டும். நமது இணைப்பின் வழியே எவரோ இழைத்த குற்றத்தைத் தேடி வருவோர் முதலில் நிற்பது நமது படலையிலன்றோ?

இன்று ஞாயிறு. மாணவச் செல்வங்கள் தாய் தந்தையரை அருகிருத்தி, இவற்றைச் செய்து கொடுப்பாராக. அரைமணி நேர வேலைதான். அதன் நிம்மதியோ வீடு முழுவதற்கும் உரியது.