மின்சாரம் இலவசம்; கருகும் மோட்டார் உங்கள் செலவு

2021 செப்டம்பரில் தமிழக அரசு ஒரு லட்சம் புதிய விவசாய மின் இணைப்புகள் தரும் திட்டத்தைத் தொடங்கியது. கட்டணம் இல்லாததால் கேபிளில் வீணாகும் மின்சாரத்தை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஆனால், வோல்டேஜ் குறைந்து காயில் கருகினால் ரீவைண்டிங் செலவு உங்கள் தலையில்தான்.

7.5 எச்.பி. மும்முனை மோட்டார் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். 200 மீட்டருக்கு 2.5 சதுர மி.மீ. தாமிரக் கேபிள் போட்டால் ஏறக்குறைய 30 வோல்ட் குறையும். 4 சதுர மி.மீ. போட்டால் 20 வோல்ட்டுக்குள் அடங்கும்.

ஒரே பைப்பில் மூன்று மோட்டார்களின் கேபிளை நுழைத்தால் சூடு வெளியேறாது. தாங்கும் திறன் சுமார் 70 சதவீதமாக இறங்கும். கோடையில் இன்னும் குறையும். தனித்தனி பைப்பில் கொண்டு செல்லுங்கள்.

கடையில் எச்.பி.யை மட்டும் சொல்லாதீர்கள்; போர்வெல் ஆழத்தையும் சேர்த்து மொத்த நீளத்தைச் சொல்லி வாங்குங்கள்.