செருப்புத் தைத்தவர் மகன் கேட்ட கணக்கு!

சீமான்களின் கணக்கேட்டைச் சாமான்யன் புரட்டிப் பார்க்க முடியுமா? முடியும், தோழர்களே! அமெரிக்காவிலே ஒருவர் புரட்டிக் காட்டினார். பெர்டினாண்ட் பெக்கோரா அவர் பெயர்.

1882-ல் சிசிலித் தீவிலே பிறந்தவர். செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மகன். பிழைப்புத் தேடி நியூயார்க் வந்த குடும்பம். வீட்டைக் காக்கப் படிப்பை நிறுத்தினார்; வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தபடியே சட்டம் பயின்றார். பன்னிரண்டு ஆண்டுகள் அந்நகரின் அரசாங்க வழக்கறிஞராக உழைத்தார்.

1929-ல் பங்கு மார்க்கெட் சரிந்தது. பாங்கிகள் மூடின, ஏழையின் சேமிப்பு பாழாயிற்று. காரணம் காண செனட் சபை 1932-ல் விசாரணை தொடங்கியது. தொடங்கியதே தவிர, நகரவில்லை. 1933 ஜனவரியில் பெக்கோராவை அழைத்தனர். மாதச் சம்பளம் 255 டாலர்!

எதிரே நின்றவரோ நேஷனல் சிட்டி பாங்கியின் தலைவர் மிட்செல். 1929-ல் மட்டும் பத்து லட்சம் டாலருக்கு மேல் பெற்றவர். அந்த ஆண்டு வருமான வரி கட்டினாரா? இல்லை! மனைவிக்குப் பங்குகளை விற்று, நட்டம் என்று கணக்குக் காட்டினார். சரிவுக்குப் பின் பாங்கியின் மேலதிகாரிகளுக்கு வட்டியில்லாக் கடன். சாதாரண ஊழியர்களுக்கோ, விலை வீழ்ந்த பங்குக்குப் பழைய விலையிலேயே சம்பளத்தில் பிடித்தம்! இத்தனையும் பாங்கியின் ஏட்டிலிருந்தே வெளிவந்தன. ஒரு வாரத்துக்குள் மிட்செல் பதவி விலகினார். அடுத்து வந்தார் கோடீசுவரர் மார்கன். 1931, 1932 இரண்டாண்டும் வருமான வரி கட்டவில்லை என்று அவர் வாயாலேயே வெளிப்பட்டது.

சிறைக்குப் போனார்களா என்று கேட்பீர்கள். இல்லை. வரி ஏய்ப்பு வழக்கில் மிட்செல் விடுதலையானார். மார்கன் செய்ததற்குச் சட்டமே இடம் கொடுத்திருந்தது. அப்படியானால் பெக்கோரா தோற்றாரா? அதுதான் இல்லை! நீதிமன்றம் ஆளைத் தண்டிக்கும். சட்டமன்றம் ஓட்டையை அடைக்கும். மக்கள் பணம் வாங்கும் பாங்கிக்கும் பங்கு வியாபாரத்துக்கும் நடுவே 1933-ல் சுவர் எழுந்தது. பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்க 1934-ல் கமிஷன் அமைந்தது. அதிலே பெக்கோராவும் ஓர் உறுப்பினர்! 1935-ல் நீதிபதியானார்.

ஆனால் 1999-ல் அந்தச் சுவரின் பெரும்பகுதியை அதே நாடு இடித்தது. கணக்குக் கேட்பவன் ஓய்ந்தால், சுவரை இடிப்பவன் எழுவான்.

விசாரணைக் குழு என்றால் கூடிக் கலைவதல்ல. சம்மன் அனுப்பும் அதிகாரம் வேண்டும். ஏட்டைப் படிக்கும் உழைப்பு வேண்டும். எதிரே அமர்ந்திருப்பவர் எவராயினும் அஞ்சாத நெஞ்சம் வேண்டும். குழு அமைந்ததென்று கேட்டால் கைதட்டுமுன், தோழர்களே, ஒன்று கேளுங்கள்: அங்கே பெக்கோரா யார்?