எந்தக் கொடியின் கீழ் ஆடுவாள்?

பதினேழு அகவைக்குட்பட்ட சிறுமியர்க்கான உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி, 2022 அக்தோபர் 11 முதல் 30 வரை இந்தியாவில் நடந்தது. புவனேசுவரம், மட்காவ், நவி மும்பை ஆகிய மூன்று நகரங்களில் 16 நாட்டு அணிகள் ஆடின. இறுதியாட்டத்தில் கொலம்பியாவை 1-0 என வென்று இசுபெயின் கோப்பையைக் கைக்கொண்டது. போட்டியை நடத்தும் நாடு என்பதால் தகுதிச் சுற்றின்றியே இடம்பெற்ற இந்திய அணி, அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5 எனத் தோற்று வெளியேறியது.

ஆடித் தோற்ற சிறுமியர்க்கு ஆடும் உரிமையேனும் இருந்தது. அவ்வுரிமையே இல்லாத தமிழ்ச் சிறுமியர் நம் கண்ணெதிரே வாழ்கின்றனர்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையை ஒட்டியது கும்மிடிப்பூண்டி. சிப்காட்டுத் தொழிற்பேட்டையால் அறியப்படும் அவ்வூரில் ஈழத்தமிழ் ஏதிலியர் குடியிருப்பும் ஒன்று உண்டு. சிங்கள இனவெறிக்கும் போருக்கும் தப்பிக் கடல் கடந்து வந்தோரின் மக்களும் பேரமக்களும் அங்கு வாழ்கின்றனர். 2021இல் தமிழக அரசு இத்தகைய குடியிருப்புகளுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது. பெயர் மாறிற்று, அங்குப் பிறக்கும் பிள்ளையின் நிலை மாறவில்லை.

ஒரு நாட்டின் குடியுரிமை பெற்றவரே அந்நாட்டு அணியில் ஆடலாம் என்பது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் நெறிமுறை. இந்தியச் சட்டமோ, 1987 சூலை முதல் நாளுக்கு முன் இம்மண்ணில் பிறந்தோரை மட்டுமே பிறப்பொன்றாலேயே குடிமக்களாக ஏற்கிறது. அதன்பின் பிறந்தவர்க்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடிமகனாய் இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல் பிறந்தவர்க்கு, மற்றவரும் சட்டப்புறம்பாகக் குடியேறியவராய் இருத்தலாகாது. ஆகவே, ஈழத்தமிழ்ப் பெற்றோர்க்குக் கும்மிடிப்பூண்டியில் பிறந்து, அங்கேயே தமிழ் பயின்று, அங்கேயே பந்துதைக்கக் கற்ற சிறுமி, எத்துணைத் திறம் பெற்றாலும் இந்திய அணியில் இடம்பெற முடியாது.

இலங்கைக் குடியுரிமையைக் கேட்டுப் பெறலாமே என்பர் சிலர். பெற்றோரைத் துரத்திய நாட்டின் கொடியை, அவள் கண்ணால் கண்டேயிராத நாட்டின் கொடியை ஏந்தென்பதோ விடை?

2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், பாக்கித்தான், ஆப்கானித்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளினின்று வந்த ஆறு சமயத்தார்க்குக் கதவு திறந்தது, ஈழத்தமிழர்க்குத் திறக்கவில்லை. 2015 சனவரி 9 வரை வந்து பதிந்துகொண்ட ஈழ ஏதிலியரை, கடவுச்சீட்டு இன்மைக்கான தண்டனையினின்று 2025இல் ஒன்றிய அரசு விலக்கியது. தண்டியாது விடுதல் வேறு. குடிமகளாய் ஏற்றல் வேறு.

தமிழ்ப் பெண்கள் கால்பந்தில் எவர்க்கும் இளைத்தவரல்லர். மாநிலங்களுக்கிடையிலான மகளிர் போட்டியில் 2018இல் மணிப்பூரையும், 2023இல் அரியானாவையும் இறுதியில் வென்று வாகை சூடியது தமிழ்நாட்டு அணி. அந்த ஆற்றல் கும்மிடிப்பூண்டிக் குடியிருப்பின் சிறுமிக்கு மட்டும் வாராதா?

மனமுண்டானால் வழியுண்டு. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஏதிலியர்க்கெனத் தனியணி அமைந்தது. நாடிழந்து சிதறிய ஆப்கானித்தான் மகளிர்க்கென ஓர் அணியமைத்து, 2025இல் மொராக்கோவில் ஆடச் செய்தது உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு. அக்கூட்டமைப்பில் இடமில்லாத இனங்களுக்கென 2014இல் சுவீடனில் நடந்த உலகப் போட்டியில் தமிழீழ ஆடவர் அணி களமிறங்கிற்று. அயலார்க்குத் தோன்றிய வழி, தொப்புள்கொடி உறவு பேசுவோர்க்குத் தோன்றாதது ஏன்?

இம்மண்ணில் பிறந்த ஈழத்தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசு குடியுரிமை வழங்குதல் வேண்டும். அதுவரை, அவர்களுக்குத் திடலும் பயிற்சியும் மாநில அளவில் ஆடும் வாய்ப்பும் தருதல் தமிழக அரசின் கடமை. இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருத்தணியை 1960இல் போராடி மீட்டது தமிழினம். மண்ணை மீட்ட இனம், அம்மண்ணில் பிறந்த மகளைக் கைவிடலாகாது. தமிழர் வாய் திறக்கட்டும். அவளுக்குக் களம் திறக்கும்!