ஒரே இடம் வென்ற கட்சியின் பலம்

2015 பிரிட்டன் பொதுத் தேர்தலில், ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து நாடு வெளியேற வேண்டும் என்று கோரிய யுகிப் கட்சிக்கு விழுந்தவை ஏறத்தாழ 39 லட்சம் வாக்குகள், 12.6 சதவீதம். கிடைத்ததோ கிளாக்டன் என்ற கடலோரத் தொகுதி மட்டும். ஸ்காட்லாந்து தேசியக் கட்சி 4.7 சதவீத வாக்குகளிலேயே 56 இடங்களை அள்ளியது.

தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்ற முறை, தீவிரக் கட்சிகளை வாசலிலேயே தடுத்துவிடும் என்பார்கள் அதன் ஆதரவாளர்கள். யுகிப்பைத் தடுத்தது உண்மைதான். அதன் கோரிக்கையைத் தடுத்ததா?

இல்லை. யுகிப் சில ஆயிரம் வாக்குகளைப் பிரித்தாலே இழுபறித் தொகுதியில் கன்சர்வேடிவ் வேட்பாளர் கவிழ்ந்துவிடுவார். 2006இல், ஐரோப்பாவைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது போதும் என்று கட்சியினருக்கு அறிவுரை சொன்னவர் கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன். அவரே பிரதமராக 2013 ஜனவரியில், ஐரோப்பிய ஒன்றியத்தில் நீடிப்பதா என்று பொதுவாக்கெடுப்பு நடத்துவதாக வாக்குறுதி தந்தார். சொந்தக் கட்சி எம்.பி.க்களின் நெருக்கடியோடு, யுகிப் வாக்குகளைப் பிரித்துவிடும் என்ற பயமும் அவரை நகர்த்தியது. வாக்கு விகிதப்படி இடங்களைப் பகிரும் விகிதாசார முறையில் நடந்த 2014 ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் யுகிப் முதலிடம் பிடித்தது, பயம் கூடியது. 2016இல் 51.9 சதவீதத்தினர் வெளியேற வாக்களித்தனர்.

விகிதாசார முறை இருந்திருந்தால் யுகிப்புக்கு 80 இடங்கள் வரை கிடைத்திருக்கலாம். அது பலருக்குக் கசக்கும். ஆனால், பேரம் வாக்காளர் கண்முன் நாடாளுமன்றத்தில் நடந்திருக்கும். நடப்பு முறை அதைப் பெரிய கட்சியின் உள்ளறைக்குத் தள்ளிவிட்டது. மக்களாட்சிக்கு இது பெருங்கேடு.

இதே கதை தொடர்கிறது. 2024 பொதுத் தேர்தலில் வலதுசாரி ரிஃபார்ம் கட்சி 14.3 சதவீத வாக்குகளுக்கு 5 இடங்களே பெற்றது. அடுத்த ஆண்டே, ரிஃபார்ம் கோரிவந்தபடியே, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலிருந்து விலகுவோம் என்று கன்சர்வேடிவ் கட்சி அறிவித்தது.