வயிற்று வலியெல்லாம் வாயுவா?

கோலசிலாங்கூர், ஈஜோக், புக்கிட் ரோத்தான் வட்டாரத்தில் பால்மரம் நின்ற காடுகளில் பெரும்பாலும் செம்பனை நிற்கிறது. அன்று மரம் சீவியவர்கள் பலர் இன்று எழுபதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுக்கு வயிறு வலித்தால் வீட்டார் சொல்லும் முதல் வார்த்தை ‘வாயு’. ஓமத் தண்ணீர் கொடுத்து, தைலம் தடவிப் படுக்க வைத்துவிடுகிறார்கள். இதை நாம் ஒப்ப முடியாது.

வயது ஏற ஏறப் பெருங்குடலின் சுவரில் தளர்ந்த இடங்கள் சிறு பைகளாகப் பிதுங்குவதுண்டு. ‘டைவர்டிகுலா’ என்பது டாக்டர்கள் வைத்த பெயர். பெரும்பாலோருக்கு அவற்றால் தொல்லையில்லை, சிகிச்சையும் வேண்டாம். பை அழன்று வீங்கினால்தான் ஆபத்து. மேல்நாட்டாருக்கு வலி பெரும்பாலும் இடப்பக்க அடிவயிற்றில் வரும். ஆசிய மக்களுக்கோ வலப்பக்கத்திலும் இப்பைகள் அதிகம். ஆகவே குடல்வால் நோய் போலவே தோன்றும். கையால் அமுக்கிப் பார்த்து மட்டும் இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் வேண்டும்.

முதியவர்களிடம் இந்நோய் பதுங்கியே வரும். குடல் சீழ் பிடித்திருந்தாலும் காய்ச்சல் இல்லாமலிருக்கலாம். வலி லேசாகவே இருக்கலாம். சோறு இறங்காமை, வாந்தி, திடீர்ப் பிதற்றல் இவையே அடையாளமாகலாம். சிலருக்கு வலியே இன்றி மலத்தில் ரத்தம் கொட்டும். மூலம் என்று நாமே தீர்ப்புச் சொல்லக் கூடாது. உடனே தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அங்கிருந்து சுங்கை பூலோவுக்கு எழுதிக் கொடுத்தால், தூரம் என்று தயங்காதீர்கள். கிராணிமார்களுக்கு ஒரு வேண்டுகோள்: வலி தொடங்கிய நேரத்தையும், பெரியவர் விழுங்கும் மாத்திரைகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். கடையில் வாங்கும் மூட்டுவலி மாத்திரையை விட்டுவிடாதீர்கள்; குடலில் ரத்தம் கசியவும் பை ஓட்டையாகவும் அது வழி செய்யும்.

லேசான அழற்சி நீராகாரத்திலும் ஓய்விலுமே தணிவதுண்டு. தள்ளாத வயதினருக்கும் வேறு நோயுள்ளவர்களுக்கும் கிருமிக்கொல்லி மருந்து கொடுப்பார்கள். சீழ் கட்டினால் குழாய் வைத்து எடுப்பார்கள். குடல் வெடித்தால் பெரும்பாலும் அறுவைதான்.

குணமானபின் கீரை, பயறு, கேழ்வரகு என்று நார்ச்சத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். கடலையும் சோளமும் குடலில் சிக்கும் என்ற பயம் வேண்டாம். அமெரிக்காவில் சுமார் 47,000 ஆண்களைக் கவனித்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு அதைப் பொய்யாக்கிவிட்டது.

ஆறு முதல் எட்டு வாரம் கழித்துக் குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கத் தேதி கொடுத்தால், வலிதான் தீர்ந்ததே என்று போகாமலிருக்காதீர்கள். அழற்சிக்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கவே அழைக்கிறார்கள்.