கேபிளைக் கட்டுவதும் அறிவியலே



ஆழ்துளைக் கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் இறக்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்து மாணவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. குழாய்களை ஒவ்வொன்றாக இணைத்து இறக்கும்போதே, மோட்டாருக்குப் போகும் மின்கேபிளையும் குழாயோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வருவார்கள். ஏன் கட்டவேண்டும்? கட்டாமல் விட்டால் கேபிள் தன் எடை முழுவதையும் தானே சுமக்கவேண்டும். என்றைக்காவது ஒருநாள் இணைப்பு பிய்த்துக்கொண்டு போகும். இயற்பியல் படிக்காதவர்களும் அனுபவத்தால் அறிந்த உண்மை இது.

இதே காட்சியைத் தலைகீழாக்கினால் அதுதான் வானொலிக் கோபுரம். கீழே கட்டடத்தில் டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது. உச்சியில் ஆன்டெனா இருக்கிறது. இரண்டையும் இணைப்பது கோஆக்சியல் கேபிள். அதன் நடுவில் ஒரு செம்புக் கடத்தி, அதைச் சுற்றி நுரை போன்ற பிளாஸ்டிக், அதன்மேல் குழாய் போன்ற இன்னொரு செம்புக் கடத்தி, எல்லாவற்றுக்கும் வெளியே கறுப்பு உறை. உள்ளும் புறமும் உள்ள கடத்திகளுக்கு அச்சு ஒன்றே. அதனால்தான் இந்தப் பெயர். ஆலிவர் ஹெவிசைடு என்ற ஆங்கிலேய அறிஞர் 1880-ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றார்.

கோபுரம் எத்தனை மீட்டர் உயரம், டிரான்ஸ்மிட்டர் எத்தனை கிலோவாட் என்று பெருமையாகப் பேசுகிறோம். கேபிளைக் கோபுரத்தோடு பிடித்துவைத்திருக்கும் கிளாம்ப்புகளை யாரும் பேசுவதில்லை. அதைச் சில்லறை வேலை என்று ஒதுக்குவது பெருந்தவறு என்பது என் கருத்து. ஆசிரியர் சொல்கிறாரே என்று ஒப்புக்கொள்ளாதீர்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கோபுரங்களில் பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கேபிள், வெளியுறையோடு சேர்த்து ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் தடிமன் உடையது. ஒரு மீட்டர் நீளத்தின் எடை சுமார் அரைக் கிலோ. 60 மீட்டர் கோபுரத்துக்கு 30 கிலோ. உங்கள் பாடப் புத்தகக் கணக்குகளில் கயிறுக்கு எடை இல்லை என்று வைத்துக்கொள்வோம் அல்லவா? இங்கே அப்படி வைத்துக்கொள்ள முடியாது. மேல்முனையில் மட்டும் தொங்கவிட்டால், உச்சியிலுள்ள கனெக்டர் 30 கிலோவையும் இரவும் பகலும் சுமக்கவேண்டும். மின்னோட்டத்தைக் கடத்தச் செய்த உறுப்பு அது. பாரம் சுமக்கச் செய்ததன்று. ஆகவே கேபிளின் மேற்பகுதியில் கம்பி வலையால் ஆன ஒரு பிடியை மாட்டி, அதைக் கோபுரத்தில் கோப்பார்கள். இழுக்க இழுக்க அந்த வலை இறுகும். பாரம் ஒரே இடத்தில் அழுத்தாமல் நீளவாக்கில் பரவும். அதற்குக் கீழே ஏறத்தாழ மீட்டருக்கு ஒரு கிளாம்ப்.

எடையைத் தாங்க வலைப்பிடியே போதுமானால் இத்தனை கிளாம்ப் எதற்கு? விடை காற்றில் இருக்கிறது.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்து, நம் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப்போட்டது. காற்று மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசுவதாக வைத்துக்கொள்வோம். அதாவது விநாடிக்கு 33 மீட்டர். காற்றின் அழுத்தம் அதன் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும்: சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 670 நியூட்டன். உருளை வடிவத்துக்கு உரிய எண்ணையும், 28 மில்லிமீட்டர் அகலத்தையும் பெருக்கிப் பாருங்கள். ஒரு மீட்டர் கேபிளின்மேல் 22 நியூட்டன் வருகிறது. அதே ஒரு மீட்டரின் எடையோ 5 நியூட்டன்தான்! புயலில் கேபிளைப் பக்கவாட்டில் தள்ளும் விசை, அதன் எடையைப்போல் நான்கு மடங்குக்கும் மேல்.

மீட்டருக்கு ஒரு கிளாம்ப் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் வரும் பங்கு இரண்டேகால் கிலோ எடைக்குச் சமம். இது பெரிதன்று. ஆனால் இடையில் பத்து மீட்டர் நீளத்துக்குக் கிளாம்ப்புகள் கழன்றுவிட்டன என்று வையுங்கள். அந்தப் பகுதி வில்போல் வளைந்து 20 சென்டிமீட்டர் வெளியே தள்ளினால், கேபிளில் ஏற்படும் இழுவிசை சுமார் 1400 நியூட்டன், அதாவது 140 கிலோவுக்குச் சமம். விறைப்பாகக் கட்டிய கொடிக்கயிற்றில் நான்கு ஈரத்துணியைப் போட்டதும் ஆணியே பிடுங்கிக்கொண்டு வருவது இதனால்தான். பிறகு அடுத்த கிளாம்ப் போகும், அதற்கடுத்ததும் போகும்.

“அப்படியானால் இறுக்கிக் கட்டிவிட்டால் போயிற்று” என்பீர்கள். அதுவும் ஆகாது. கேபிளின் மின்மறுப்பு 50 ஓம் என்பது உள், வெளிக் கடத்திகளின் விட்டங்களுடைய விகிதத்தைச் சார்ந்தது. கிளாம்ப் நசுக்கினால் அந்த இடத்தில் விகிதம் மாறும். ஆன்டெனாவுக்குப் போகவேண்டிய ஆற்றலில் ஒரு பகுதி திரும்பி வரும். வெப்பமும் இருக்கிறது. 40 டிகிரி சூடு ஏறினால் 60 மீட்டர் செம்பு 41 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகுக் கோபுரம் 29 மில்லிமீட்டர்தான் நீளும். இந்த 12 மில்லிமீட்டர் வேறுபாட்டுக்கு இடம் கொடுத்துத்தான் கட்டவேண்டும். சாதாரண நைலான் பட்டையால் கட்டினால் நம் ஊர் வெயிலில் அது சில ஆண்டுகளில் மொறுமொறுவென்று உடையும். கட்டுக்கம்பியால் முறுக்கினாலோ உறையை அறுத்து மழைநீருக்கு வழி விடும்.

இப்போது பல செல்பேசிக் கோபுரங்களில் வானொலிக் கருவியையே உச்சியில் வைத்து, கண்ணாடி இழைக் கேபிளையும் மின்கேபிளையும் மேலே கொண்டுபோகிறார்கள். கோஆக்சியல் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று சிலர் சொல்லக்கூடும். காற்றுக்கு உள்ளே இருப்பது செம்பா, கண்ணாடியா என்று தெரியாது. எந்தக் கேபிளுக்கும் கட்டு வேண்டும்.

கஜா புயலுக்குப் பின் பல கிராமங்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்காயிற்று, செல்பேசிகள் ஊமையாயின. மின்சாரம் இல்லாவிட்டால் ஜெனரேட்டரைக் கொண்டுவந்து வைக்கலாம். உச்சியில் கேபிள் அறுந்தால், காற்று அடங்கி ஓர் ஆள் மேலே ஏறும்வரை அந்தக் கோபுரம் பேசாது. கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்களுக்கு எச்சரிக்கை வேண்டிய நேரமும், ஆலங்குடியில் ஆம்புலன்ஸ் அழைக்கவேண்டிய நேரமும் அதுவே.

ஆகையால் நான் வற்புறுத்துவது இரண்டு. ஒன்று, வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரிலேயே, ஒவ்வொரு கோபுரத்திலும் கிளாம்ப்புகளை அடிமுதல் நுனிவரை சோதிக்கவேண்டும். செலவு குறைக்க வேண்டுமென்றால் கைவைக்கும் முதல் இடமாக இது இருக்கக்கூடாது. இரண்டு, பாதுகாப்பு இடைவார் அணிந்து ஏறி அந்த வேலையைச் செய்பவரைக் கூலியாள் என்று எண்ணாமல், பயிற்சியும் உரிய ஊதியமும் தந்து தொழில்நுட்பராக மதிக்கவேண்டும்.

நீங்கள் எந்தக் கோபுரத்திலும் ஏறவேண்டாம். உங்களுக்கு வேறு வாய்ப்பு இருக்கிறது. 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறலாம். அப்போது உங்கள் பள்ளி மாடியில் ஆன்டெனா வைக்க, மீட்டருக்குச் சுமார் 150 கிராம் எடையுள்ள கேபிளை வாங்குவீர்கள். அருகில் மின்கம்பி இல்லாத இடமாகப் பாருங்கள். ஆசிரியரையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டரை மாட்டுவதற்கு முன், அந்தக் கேபிளின் பாரத்தை எது தாங்கப்போகிறது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.